பனிப்பலகை ஏறுமுன் தம் நிலை அறிக

எந்தக் கலையைக் கற்கச் சென்றாலும் ஆசிரியர் கேட்கும் முதல் வினா, "இதில் உங்களுக்கு எந்த அளவு பழக்கம் உண்டு?" என்பதாகவே இருக்கும். கேட்பதற்கு எளிய வினா. ஆனால், உள்ளதை உள்ளபடி விடையாகச் சொல்வோர் மிகச் சிலரே. தெரிந்ததைக் கூட்டிச் சொல்வோர் ஒரு சாரார். கூச்சத்தால் குறைத்துச் சொல்வோர் மற்றொரு சாரார். தையல் வகுப்பிலோ கணினி வகுப்பிலோ இதனால் பெரிய இழப்பு எதுவும் நேர்ந்துவிடாது. ஒரு வாரத்தில் ஆசிரியரே கண்டறிந்து சரிசெய்துவிடுவார். மலைச்சரிவில் கற்கும் கலைக்கு அந்த அவகாசம் இல்லை. அங்கே தவறான விடைக்குரிய விலையை மணிக்கட்டும் பின்னந்தலையும் செலுத்த நேரிடுகிறது.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள், ஸ்னோபோர்டிங் எனப்படும் பனிப்பலகைச் சறுக்கு. வெயிலும் கடற்காற்றும் பழகிய நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கல்விக்காகவும் பணிக்காகவும் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள், குளிர்கால விடுமுறையில் நண்பர்களோடு பனிமலைக்குச் சென்று வருகிறார்கள். துபாயில் 2005ஆம் ஆண்டிலிருந்து ஒரு வணிக வளாகத்தின் கூரைக்கு அடியிலேயே 400 மீட்டர் நீளம் வரையுள்ள பனிச்சரிவுகள் இயங்கி வருகின்றன. காஷ்மீரத்துக் குல்மார்க் சரிவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே, "வாப்பா, நானும் பனிப்பலகை வகுப்பில் சேரட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லவேனும் இதனை அறிந்திருத்தல் நன்று.

தேர்வு எழுதியபின் கிடைத்த அனுமதி

இவ்விளையாட்டின் வயது அதிகமில்லை. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அதன்மீது நின்றுகொண்டு சரிவில் வழுக்கி இறங்குவது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கவர்ந்தது. பின்னர் 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் இத்தகைய பலகைகளைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். கால்களைப் பலகையோடு இறுக்கிப் பிணைக்கும் பட்டைகளும், பனியை வெட்டிப் பிடிக்கும் உலோக விளிம்புகளும் நாளடைவில் சேர்ந்தன. 1998ஆம் ஆண்டு ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது.

ஆனால், தொடக்க காலத்தில் இப்பலகையோடு வந்தவர்களைப் பெரும்பாலான சறுக்கு மையங்கள் வாயிலிலேயே திருப்பி அனுப்பின. அவர்களுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரியுமா, மற்றவர்மீது மோதாமல் நிற்கத் தெரியுமா என்ற ஐயமே அதற்கு ஒரு காரணம். வெர்மான்டிலுள்ள ஸ்ட்ராட்டன் மலை 1983ஆம் ஆண்டு இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட முன்னோடி மையங்களுள் ஒன்று. அக்காலத்தில் பல மையங்களில், திரும்பவும் நிற்கவும் தெரியும் என்பதை ஆசிரியர் முன்னிலையில் செய்துகாட்டித் தேறியவர்க்கே மேலே ஏற்றிச் செல்லும் இழுவை நாற்காலியில் அமர அனுமதி கிடைத்தது.

இன்று அத்தகைய தேர்வு ஏறக்குறைய எங்கும் இல்லை. துபாய்ப் பனிக்கூடத்தைப் போன்ற சில இடங்களில் மட்டும், ஆசிரியர் துணையின்றிச் சரிவில் இறங்க விரும்புவோர் திரும்பவும் வேகத்தை அடக்கவும் நிற்கவும் தெரிந்தவராயிருத்தல் வேண்டும் என்ற விதி உள்ளது. மற்ற மலைகளிலோ பணம் செலுத்திச் சீட்டு வாங்கியவர் எவரும் உச்சிவரை செல்லலாம். குல்மார்க்கின் ரோப் கார் இரண்டாம் கட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இறங்கும் சரிவுகள் இயந்திரத்தால் சமன்செய்யப்படாதவை. பனிச்சரிவு அபாயமும் உள்ளவை. ரோப் கார் யாரையும் மேலே ஏற்றிவிடும். கீழே இறங்கும் தகுதியைத் தருவது அதன் வேலையன்று. முன்பு மையத்தார் நடத்திய தேர்வை இன்று நமக்கு நாமே நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வகுப்பில் சேரும் படிவத்தில் "உங்கள் நிலை" என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? அந்தத் தேர்வில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கட்டமே.

நம்மை நாம் அளப்பதில் உள்ள சிக்கல்

1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூகர், டன்னிங் எனும் இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தர்க்கம், இலக்கணம், நகைச்சுவையை உணரும் திறன் ஆகியவற்றில் மாணவர்களைச் சோதித்து, "நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்திருப்பீர்கள்?" என்றும் அவர்களையே கேட்டனர். கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் உண்மையில் 100 பேரில் சராசரியாக 12 பேரை முந்தும் நிலையிலேயே இருந்தார்கள். அவர்களோ 62 பேரை முந்திவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு திறமை நம்மிடம் இல்லாதபோது, அது இல்லை என்பதைக் கண்டுகொள்ளும் கண்ணும் நம்மிடம் இருப்பதில்லை என்பதே இதன் கருத்து.

பனிப்பலகையில் இது இன்னும் தெளிவாகவே நடக்கிறது. ஒருவர் செங்குத்தான சரிவில் மேலிருந்து கீழ்வரை வந்து சேர்ந்துவிடுகிறார். பாதி வழி பலகையைக் குறுக்கே வைத்துப் பனியைச் சுரண்டிக்கொண்டே வந்தார். மீதி வழி விழுந்து எழுந்து வந்தார். மாலையில் நண்பர்களிடம், "கறுப்புச் சரிவில் இறங்கிவிட்டேன்" என்கிறார். அவர் சொன்னது பொய்யன்று. ஆயினும் மறுநாள் படிவத்தில் "தேர்ந்தவர்" என்ற கட்டத்தில் அவர் குறியிட்டால், அது அவருக்கும் கேடு. அவரோடு அதே வகுப்பில் நிற்கும் ஏழெட்டுப் பேருக்கும் இடையூறு.

எவையெல்லாம் அளவுகோல் அல்ல?

முதலாவது, சரிவின் நிறம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிய சரிவையும், நீலச் சதுரம் இடைநிலையையும், கறுப்பு வைரம் கடினமானதையும் குறிக்கும். ஐரோப்பாவில் நீலம், சிவப்பு, கறுப்பு என்பது பொதுவான வரிசை. பிரான்சு போன்ற நாடுகளில் நீலத்திற்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் இக்குறிகள் அந்தந்த மலைக்குள்ளேயே ஒப்பிட்டு இடப்படுபவை. ஒரு சிறு குன்றின் கறுப்புச் சரிவு, ஒரு பெருமலையின் நீலச் சரிவைவிட எளிதாக இருக்கக்கூடும். ஆகவே நிறத்தை மட்டும் சொல்வது, ஊர்ப்பெயரைச் சொல்லாமல் தெருப்பெயரை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நிலைக்குரிய எண். ஒரு பயிற்சிப் பள்ளி மாணவர்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கும். மற்றொன்று ஆறாகவோ ஒன்பதாகவோ பிரிக்கும். ஓரிடத்தில் "மூன்றாம் நிலை" முடித்தவர் வேறிடத்திலும் அதே எண்ணைச் சொன்னால் பொருந்தாமற் போகலாம்.

மூன்றாவது, வேறு விளையாட்டில் பெற்ற திறமை. இரு கட்டைகளில் சறுக்கும் ஸ்கீயிங்கில் வல்லவரும், பலகையில் ஏறிய முதல் நாள் தொடக்கநிலை மாணவரே. பனியின் தன்மையும் இழுவை நாற்காலியின் பழக்கமும் அவருக்கு உதவும். ஆனால் பக்கவாட்டில் நின்று ஒரே பலகையின் விளிம்பை மாற்றுவது முற்றிலும் புதிய பாடம். கடலலையில் பலகை ஓட்டிப் பழகியவர்க்குப் பக்கவாட்டு நிலை இயல்பாக வரும். ஆயினும் பின்காலில் உடலெடையைச் சாய்க்கும் பழக்கமும் உடன்வந்துவிடும். இறுகிய பனியில் பின்காலில் சாய்ந்தால் பலகை திரும்ப மறுக்கும். முன்காலில் எடையை வைப்பதே திருப்பத்தின் திறவுகோல்.

நான்காவது, சென்ற ஆண்டுத் திறமை. ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் பலகையேறுபவர்க்கு, இடையில் கழிந்த மாதங்களில் உடல் பலவற்றை மறந்துவிடும். நெடுநாள் இடைவெளிக்குப்பின் வருபவர், தாம் விட்ட இடத்திற்கு ஒரு படி கீழிருந்து தொடங்குவதே முறை.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது?

"எங்கே இறங்கினேன்?" என்பதை விடுத்து, "எப்படி இறங்கினேன்? அதையே கேட்டபோதெல்லாம் செய்துகாட்ட என்னால் இயலுமா?" என்று வினவுவதே சரியான அளவுகோல். ஒருமுறை தற்செயலாக வாய்த்ததை விட்டுவிடுங்கள். பத்து முறை முயன்றால் எட்டு முறையேனும் தவறாமல் வருவதை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். பின்வரும் படிகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகக் கேட்டு வாருங்கள். எந்தப் படியில் "ஆம்" என்று தயக்கமின்றிச் சொல்ல இயலவில்லையோ, அங்கேதான் உங்கள் பாடம் தொடங்குகிறது.

முதற்படி: உங்கள் முன்கால் எது என்று தெரியுமா? இடக்கால் முன்னே நிற்பதை "ரெகுலர்" என்றும், வலக்கால் முன்னே நிற்பதை "கூஃபி" என்றும் அழைப்பர். இரண்டில் எதுவும் குறையன்று. முன்காலை மட்டும் பலகையில் பிணைத்து, பின்காலால் சமதரையில் உந்திச் செல்லவும், சிறு சரிவில் வழுக்கிவந்து நிற்கவும் இயலுமா? இழுவை நாற்காலியிலிருந்து இறங்கும்போது இந்த ஒரு திறமைதான் கைகொடுக்கும். பலரும் இதனை அற்பமென எண்ணித் தாண்டிச்சென்று, நாற்காலி இறங்குமிடத்தில் மற்றவர் காலடியில் விழுகின்றனர்.

இரண்டாம் படி: இரு கால்களையும் பிணைத்து, பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, குதிகால் பக்க விளிம்பில் மெல்ல வழுக்கி இறங்கி, நினைத்த இடத்தில் நிற்க இயலுமா? அதையே மலையை நோக்கி நின்று, கால்விரல் பக்க விளிம்பிலும் செய்ய இயலுமா? இங்கேதான் பலருடைய உண்மை நிலை வெளிப்படும். கீழே பார்த்துக்கொண்டு குதிகால் விளிம்பில் எவ்வளவு செங்குத்தான சரிவிலும் சுரண்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கால்விரல் விளிம்பில் நிற்கச் சொன்னால் தடுமாறுவார்கள். ஒரு விளிம்பு மட்டுமே தெரிந்தவர், எந்த நிறச் சரிவில் இறங்கியிருந்தாலும் தொடக்கநிலையினரே.

மூன்றாம் படி: உதிரும் இலை காற்றில் இடமும் வலமும் அசைந்து இறங்குவதைப்போல, ஒரே விளிம்பில் இருந்தபடி இருபுறமும் மாறிமாறிச் செல்ல இயலுமா? இதுவும் இரு விளிம்புகளிலும் வரவேண்டும்.

நான்காம் படி: குதிகால் விளிம்பிலிருந்து கால்விரல் விளிம்புக்கும், அங்கிருந்து மீண்டும் குதிகால் விளிம்புக்கும் மாறித் திரும்ப இயலுமா? ஒரு திருப்பம் முடிந்ததும் நின்று மூச்சுவாங்காமல், தொடர்ந்து ஐந்தாறு திருப்பங்களைக் கோத்துச் செல்ல இயலுமா? தொடக்கநிலையையும் இடைநிலையையும் பிரிக்கும் வாசற்படி இதுவே. இதனைக் கடந்தவர் "தொடர் திருப்பம் வரும்" என்று துணிந்து சொல்லலாம்.

ஐந்தாம் படி: இடைநிலைச் சரிவில் உங்கள் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள், நீங்களா, சரிவா? கூட்டம் உள்ள இடத்தில் திருப்பத்தைச் சிறிதாக்கவும், அகன்ற இடத்தில் பெரிதாக்கவும் இயலுமா? பின்காலால் பலகையின் வாலைத் துடுப்புப்போலத் தள்ளாமல், முன்காலும் முழங்காலும் வழிநடத்தத் திரும்புகிறீர்களா?

ஆறாம் படி: பனி உறைந்து இறுகிய நாளிலும், புதுப்பனி பொழிந்து குவிந்த நாளிலும், மேடுபள்ளமான சரிவிலும் இவையெல்லாம் வருகின்றனவா? விளிம்பு பனியில் மெல்லிய கோடு ஒன்றையே பதித்துச்செல்லும்படி சறுக்காமல் வளைய முடிகிறதா? பின்காலை முன்காலாக மாற்றியும் ஓட்ட முடிகிறதா? இதற்கெல்லாம் "ஆம்" என்பவரே தேர்ந்தவர் என்ற கட்டத்தில் குறியிடும் உரிமை உடையவர்.

கூட்டிச் சொன்னால் என்ன கேடு?

பனிப்பலகையில் மிக அதிகமாகக் காயமடையும் உறுப்பு மணிக்கட்டு. அடிபடுவோரில் தொடக்கநிலையினர் மிகுதி. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. உடலெடை முழுவதும் அந்தச் சிறு எலும்புகளின்மேல் இறங்குகிறது. இன்னொரு வகை வீழ்ச்சியும் உண்டு. சரிவின் கீழ்ப்புறம் உள்ள விளிம்பு எதிர்பாராமல் பனியில் சிக்கிக்கொண்டால், பலகை நின்றுவிடும். உடல் மட்டும் கீழ்நோக்கித் தூக்கியெறியப்படும். குதிகால் விளிம்பு சிக்கினால் மல்லாந்து விழுந்து பின்னந்தலை தரையில் மோதும். விளிம்பை மாற்றும் வித்தை கைவராதவரைத் தம் நிலைக்கு மீறிய சரிவில் நிறுத்தும்போது, இவ்வீழ்ச்சிகளுக்கு வேகமும் சேர்ந்துகொள்கிறது. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் அணிவது அவசியம். ஆனால், பொருந்தாத வகுப்பில் சேர்ந்த பிழையை எந்தக் கவசமும் ஈடுசெய்யாது.

அடுத்தவர் உரிமையும் இதில் அடங்கியுள்ளது. அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுத்துள்ள நடத்தை விதிகள் பத்து. ஒவ்வொருவரும் தம் திறமைக்கும், பனிக்கும், கூட்டத்திற்கும் ஏற்ப வேகத்தை அடக்கிச் செல்லவேண்டும் என்பதும், மேலிருந்து வருபவர் கீழே இருப்பவர்க்கு ஆபத்து நேராதவாறு தம் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் அவற்றுள் தலையானவை. கீழே இருப்பவர் நம்மைப் பார்ப்பதில்லை. நம்மிடமிருந்து தப்பவும் அவரால் இயலாது. நிற்கத் தெரியாத ஒருவர் மேலிருந்து புறப்படுவது, தடை இல்லாத மிதிவண்டியைச் சந்தைக்குள் ஓட்டுவதற்குச் சமம்.

குறைத்துச் சொல்வதும் நன்மையன்று. தொடர் திருப்பம் நன்றாக வருபவர், "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று முதல் வகுப்பில் போய் நின்றால், கட்டிய பணமும் விடுமுறை நாளும் வீணாவதோடு, உண்மையிலேயே புதியவராக வந்தவர்கள் அவரைக் கண்டு மனம் சோர்வார்கள். அடக்கம் வேறு, தவறான கணக்கு வேறு.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளைகளின் படிவத்தைப் பெரும்பாலும் நிரப்புவது பெற்றோரே. "எங்கள் மகன் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வான்" என்ற பாசம் அங்கே பேனாவைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை பலகையில் சென்றதைக் கண்ணால் கண்டிராத நிலையில், சென்ற ஆண்டு ஆசிரியர் என்ன சொன்னார் என்று அவனிடமே கேட்டு எழுதுங்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வகுப்பில் இருந்தால் அழைத்துவர எளிது என்று, ஒருவனை மேலே தள்ளவோ மற்றவனைக் கீழே இறக்கவோ வேண்டா. தன் நிலைக்கு மேற்பட்ட வகுப்பில் அஞ்சி நடுங்கிய பிள்ளை மறுபடி பலகையைத் தொட மறுத்துவிடுவதுண்டு. நண்பர்கள் கூட்டமாகச் சேரும்போதும் இதே நிலைதான். பகலில் இரண்டு மணி நேரம் வெவ்வேறு வகுப்பில் இருந்துவிட்டு மாலையில் ஒன்றுகூடுவதால் நட்பு குறைந்துவிடாது.

ஆசிரியரிடம் சொல்லவேண்டியவை

"நான் நடுத்தரம்" என்ற ஒற்றைச் சொல்லால் ஆசிரியருக்கு எதுவும் விளங்காது. இதுவரை மொத்தம் எத்தனை நாள் பலகையில் நின்றிருக்கிறீர்கள், கடைசியாக நின்றது எப்போது, எந்த மலையின் எந்தச் சரிவில் அச்சமின்றித் திரும்பத் திரும்ப இறங்கினீர்கள், இரு விளிம்புகளிலும் நிற்க வருமா, தொடர் திருப்பம் வருமா, முன்பு அடிபட்டதுண்டா, எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். இந்த ஏழு செய்திகளும் ஏழு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

பல பயிற்சிப் பள்ளிகளில், வந்தவர்களை எளிய சரிவில் ஒருமுறை இறங்கச்சொல்லிப் பார்த்தபின்னரே குழு பிரிப்பார்கள். அப்போது மிக அழகாகச் செய்துகாட்ட முயலாமல், எப்போதும் செய்வதைப்போலவே செய்யுங்கள். ஐயம் வந்தால் இரண்டில் கீழ்நிலையைத் தேர்ந்தெடுங்கள். கீழ்வகுப்பில் நன்றாகச் செய்பவரை ஆசிரியர் ஒரு மணி நேரத்திற்குள் மேலே அனுப்பிவிடுவார். அவரும் மகிழ்ச்சியோடு செல்வார். மேல்வகுப்பிலிருந்து ஒருவரைக் கீழே அனுப்புவதோ, பாதிச் சரிவில், அனைவரும் குளிரில் காத்து நிற்க, அவர் அச்சத்தால் உறைந்துபோன பின்னரே நடக்கிறது.

தம் நிலையை உள்ளபடி சொல்வதில் தாழ்வு ஏதும் இல்லை. ஆசிரியர் நம்மிடம் எதிர்பார்ப்பது திறமையை அன்று. திறமை இருந்தால் அவரிடம் நாம் ஏன் செல்கிறோம்? எங்கிருந்து தொடங்குவது என்ற செய்தி ஒன்றே அவருக்குத் தேவை. அதனை நம்மைத் தவிர வேறு எவரும் அவருக்குக் கொடுக்க இயலாது. ஆகவே, பனிமலைக்குப் புறப்படும் பிள்ளைகளிடம், "பார்த்துப் போ" என்று சொல்வதோடு நின்றுவிடாமல், "படிவத்தில் உண்மையை எழுது" என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.